ரசீதில் ஒட்டியிருந்த குங்குமம்

மாப்பிள்ளை போனில் அழைத்தபோது பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சமையலறையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை, காலை பதினொரு மணி.

"அத்தை, காரு நாக் ஆயிருச்சு."

பின்னால் லோரிகள் கடக்கும் இரைச்சல். போனைக் கையால் பொத்திக்கொண்டு, கூடத்தில் இருந்த கணவரிடம், "மாப்பிள்ளை காரை மோதிட்டாரு," என்றேன். பிறகு போனில், "எவ்வளவு அடி? முன்பக்கமா, பின்பக்கமா?" என்று கேட்டேன்.

"அடியெல்லாம் இல்ல அத்தை. என்ஜின். உள்ள நாக் பண்ணுது. எண்ணெய் லைட் எரிஞ்சுச்சு, உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன்."

இந்த ஊரில் கார் நாக் ஆனது என்றால் அது எதன் மேலோ மோதியது என்று பொருள். என்ஜினுக்குள் இரும்பு இரும்பைத் தட்டும் சத்தத்துக்கும் அதே சொல்தான். ஒரு தமிழ் நாளிதழில் இருபத்தாறு ஆண்டுகள் துணையாசிரியராக இருந்தேன். இரண்டு பொருள் தரும் சொல்லைக் கண்டால் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்பதுதான் என் வேலை. அன்று கேட்பதற்கு முன்பே செய்தியை வெளியிட்டுவிட்டேன்.

கார் என்னுடையது. ஜப்பானில் செய்தது, டர்போ பொருத்தியது, கையால் கியர் மாற்றுவது. வேலையை விட்ட ஆண்டு வாங்கினேன். இந்த வயதில் உனக்கு இது எதற்கு என்று கேட்காத உறவினர் இல்லை. ஓட்டப் பிடிக்கிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. கணவருக்கு ரயில் போதும். மகளும் மாப்பிள்ளையும் செமினியில் இருக்கிறார்கள். அவர்களுடைய காரின் ஏர்கோன் பழுதாகிப் பட்டறையில் கிடந்தது. கண்ணில் புரை அறுவை செய்திருந்த தன் அம்மாவைச் செராஸில் மருத்துவரிடம் காட்டுவதற்காக மாப்பிள்ளை என் காரை மூன்று நாளைக்குக் கேட்டு வாங்கியிருந்தார். மூன்றாம் நாள், மருத்துவமனைக்குப் போகும் வழியில் இது நடந்தது.

அந்தச் சொல் அன்று இன்னொரு வேலையும் செய்தது. கூப்பிடாமலே வந்து நின்ற இழுவை லோரிக்காரர் என்ன பிரச்சினை என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை நாக் என்றிருக்கிறார். கார் நேராக, விபத்து வண்டிகளுக்குத் தகடு தட்டிச் சாயம் பூசும் பட்டறை ஒன்றுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை தன் அம்மாவோடு வாடகைக் காரில் மருத்துவமனைக்குப் போக, பட்டறைக்கு நான் போனேன்.

வாசலிலேயே ஒருவர் கேட்டார். "ஆன்டி, அங்கிள் வரலையா?"

"கார் என்னோடது."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால், நசுங்கிய வேன் ஒன்றின் பின்னிருக்கையில் உட்கார்ந்து ஒரு தொழிலாளி நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருக்கையில் பெரிய பழுப்புக் கறை. அது என்ன கறை என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் யோசித்தேன்.

"என்ஜினுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது ஆன்டி," என்றார் வாசல்காரர். கையில் படிவங்கள் தயாராக இருந்தன. "ஆனா முன்னால நாங்க சின்னதா ஒரு தட்டு தட்டிட்டா எல்லாம் சேத்து க்ளைம் போட்டுரலாம். மோதுச்சு, ரேடியேட்டர் ஒடஞ்சுது, தண்ணி போச்சு, என்ஜின் சூடாயிருச்சு. கதை கரெக்டா நிக்கும் லா."

கதை என்ற சொல்லை அவர் கூச்சமில்லாமல் சொன்னார். பொய்ச் செய்தி கொண்டுவந்த நிருபர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். சுத்தியலோடு வந்தவர் இவர் ஒருவர்தான். வேறு லோரி பிடித்துக் காரைக் கிள்ளானுக்கு அனுப்பினேன்.

கிள்ளான் பட்டறைக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர். மெக்கானிக்கை இங்கே போமென் என்போம். அவர் போமென், கோயில் கமிட்டிச் செயலாளர், பேசத் தொடங்கினால் நிறுத்தாதவர். நான்கு மாதங்களுக்கு முன் என்ஜினின் அடியில் எண்ணெய் கசிந்தபோது அவரிடம்தான் விட்டேன். ஒரே நாளில் அடைத்துக் கொடுத்தார். காரை எங்கே விடுவது என்று யார் கேட்டாலும் அவர் பெயரைத்தான் சொல்லிவந்தேன்.

அவர் என்ஜினைப் பத்து விநாடி ஓடவிட்டார். நீண்ட திருப்புளியின் முனையை என்ஜின் மேலும் பிடியைத் தன் காது மேலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். டக் டக் டக் என்று அடித்தது. நிறுத்தினார்.

"யாருக்கா ஓட்டினது?"

"மாப்பிள்ளை."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் அப்படியே வரைய முடியும். மேலுதடு மட்டும் ஏறியது.

"அப்புறம் என்னத்த சொல்றது? மீட்டர் முள்ளு ரெட்லைனைத் தொடுற வரைக்கும் மிதிச்சிருக்காங்க. இன்னிக்கு இல்ல, முந்தின ரெண்டு நாள்ல. இன்னிக்குப் பேரிங் போயிருச்சு. பசங்க கையில டர்போவைக் குடுத்துட்டு அப்புறம் அழுதா எப்படிக்கா?"

திறந்து பார்க்காமல் எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, எத்தனை நாளாகும் என்று.

பழைய என்ஜினை மறந்துவிடச் சொன்னார். ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலில் அனுப்பும் கார்களிலிருந்து ஒரு என்ஜினைக் கழற்றி இதில் வைத்துவிடலாம் என்றார். "பழசைப் பத்திக் கவலைப்படாதீங்க. நானே தூக்கிப் போட்டுர்றேன்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பதிவு அட்டையில் உள்ள எண் கொத்திய என்ஜின் அதுதான். அதை மாற்றினால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். எனக்கு அதுதான் தடை. வேறு சந்தேகம் எதுவும் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா மூவரும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். சம்பந்தியம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ரசம் ஊற்றும்போது நான் சொன்னேன்: "பட்டறையில சொல்லிட்டாங்க. யாரோ ரெட்லைன் வரைக்கும் மிதிச்சிருக்காங்களாம்."

பத்திரிகையில் 'யாரோ' என்று போடுவது பெயரைப் போடுவதைவிட இழிவு. வழக்கும் வராது, வாசகருக்கும் ஆள் தெரியும். மூன்று நாளில் அந்தக் காரை ஓட்டியவர் ஒருவர்தான்.

மாப்பிள்ளை நிமிர்ந்தார். "நான் அப்படி ஓட்டல அத்தை."

"உங்களைச் சொல்லல மாப்பிள்ளை. பட்டறையில சொன்னதைச் சொன்னேன்."

"நீ பாத்தியாம்மா?" என்றாள் மகள்.

சம்பந்தியம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை எழுந்து கை கழுவினார். பாயசக் கிண்ணங்களில் ஆடை கட்டும்வரை யாரும் அவற்றைத் தொடவில்லை. அதன்பின் இரண்டு வாரம் மகள் என் போனை எடுக்கவில்லை.

இனி அந்த என்ஜினைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். திறப்பவர் என்ன சொல்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் மாப்பிள்ளை எங்கள் வீட்டில் மறுபடி கை நனைப்பார். உண்மையைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் புறப்பட்டது, நான் சொன்னது சரி என்பதற்குச் சான்று தேடி.

முதலில் பார்த்த இடம் ஷா ஆலமில். கண்ணாடிக் கதவு, கோப்பைகள் அடுக்கிய அலமாரி, காப்பி இயந்திரம், அறை முழுவதும் கார் வாசனைத் திரவியம். கடைப் பெயர் பொறித்த சட்டை போட்ட இளைஞர் என் கணவரைப் பார்த்தே பேசினார். கிளட்ச் எந்தக் காலில் இருக்கிறது என்றுகூட என் கணவருக்குத் தெரியாது.

"அங்கிள், ஃபோர்ஜ் பிஸ்டன் போட்டுரலாம். ஸ்டேஜ் டூ. சும்மா பறக்கும்."

"எங்களுக்குப் பறக்க வேணாம் தம்பி," என்றார் கணவர். "வீட்டுக்கு வந்தா போதும்."

"என்ஜின் ஏன் போச்சுன்னு முதல்ல பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பழைய கதை ஆன்டி. எத்தனை ஹார்ஸ்பவர் வேணும், அதை மட்டும் சொல்லுங்க."

மூலையில் வேறு யாருடைய என்ஜினோ தலை கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு பூனை படுத்திருந்தது. திறந்திருந்த சிலிண்டர் ஒன்றுக்குள் பூனை முடி, ஒரு பிஸ்கட் துண்டு. அந்த என்ஜினின் சொந்தக்காரர் எங்கேயோ உட்கார்ந்து அது பறக்கும் என்று காத்திருப்பார். இளைஞர் என் பார்வையைக் கவனித்து, "ரொம்ப சமத்துப் பூனை," என்றார்.

அடுத்த இடத்தைச் சொன்னவர் எங்கள் குடியிருப்பின் காவலாளி. பத்துமலைக்குப் பின்னால், பெயர்ப்பலகை இல்லாத கொட்டகை. முன்னால் தேங்கிய சாக்கடை, அதன் கரையில் சொறிநாய். உள்ளே சீனர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர். மீ நூடுல்ஸ் சாப்பிட்ட கிண்ணத்தில் நான்கு சிகரெட் துண்டுகள் மிதந்தன. அவர் மலாயும் தமிழும் கலந்து பேசினார்.

"சத்தம் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணியா?"

"கிள்ளான்ல போமென் பண்ணாரு. பத்து செகண்ட்."

"போடோ," என்றார். முட்டாள் என்பதற்கு மலாய்ச் சொல். அது போமெனுக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை.

"என்ஜினுக்கு என்னன்னு நெனைக்கிறீங்க?"

"நான் நெனைக்க மாட்டேன். தொறக்கிற அன்னிக்கு நீ வரணும். நீ இல்லாம தொறக்க மாட்டேன். அப்புறம் நான் உடைச்சேன்னு சொல்லுவே. வர முடியாட்டா வேற எடம் போ."

எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. கொட்டகையின் நாற்றம் சேலையில் ஏறி வீடு வரை வந்தது. ஆனால் ஆள் முன்னால் இருந்தால்தான் திறப்பேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். காரைக் கிள்ளானிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். செயலாளர் இரண்டு முறை போன் செய்தார். "எதுக்குக்கா வீணா அலையிறீங்க? வெளியாள்கிட்ட போனா ஏமாத்துவான்." நம்ம ஆளு என்ற உரிமையில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை சீனர் என்ஜினைத் திறந்தார். ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் துடைக்காமலே என் பக்கம் தள்ளினார். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக மெல்லிய கேமராவை இறக்கினார். திரையில் பிஸ்டன்களின் தலை தெரிந்தது. கரி படிந்து, வட்டமாக, கீறல் இல்லாமல்.

"கன்னாபின்னான்னு மிதிச்சிருந்தா வால்வு வந்து இங்க இடிச்சிருக்கும். அடையாளம் இருக்கும். இருக்கா?"

"இல்ல."

"நீயே பாத்துக்க. நான் சொல்லல."

பிறகு எண்ணெயை வடித்தார். தங்கப்பொடி தூவியது போல மின்னியது. தேய்ந்த பேரிங்கின் உலோகம். கடைசியாக, என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தட்டைக் கழற்றினார். அது எளிதில் வரவில்லை. விளிம்பு முழுவதும் சிவப்பாகப் பிதுங்கிய பசை. தட்டு விழுந்ததும் உள்ளே விளக்கைப் பிடித்துக் கூப்பிட்டார்.

தட்டிலிருந்து எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்பும் குழாயின் வாயில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்பி வலை உண்டு. அதில் முக்கால் பாகம் அடைபட்டிருந்தது. சிவப்பாக, வழவழப்பாக, துண்டு துண்டாக மண்புழுக்களை வெட்டிப் போட்டது போல. அவர் வாயில் கடித்துக்கொண்டிருந்த பல்குச்சியை எடுத்து அதில் ஒன்றைக் கிளறி வெளியே இழுத்தார். நான் ஓர் அடி பின்வாங்கினேன். பல்குச்சியாலா, புழுவாலா என்று சொல்ல முடியவில்லை.

"சிலிக்கன். தட்டு ஒட்டுற பசை. கொஞ்சமா பூசணும். இவன் பல்பசை மாதிரி பிதுக்கியிருக்கான். உள்பக்கம் பிதுங்கினது காஞ்சு உதிர்ந்து வலையை அடைச்சிருக்கு. எண்ணெய் மேல போகல. எவன் ஓட்டினாலும் இந்தப் பேரிங் போயிருக்கும். நீ ஓட்டினாலும்."

குச்சியைத் திரும்ப வாயில் வைக்கப் போய், பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தார்.

"ஓட்டினது யாரு?"

"மாப்பிள்ளை."

"லைட் எரிஞ்சதும் ஆஃப் பண்ணிட்டானா? நல்ல பையன். கிராங்க் தண்டு பொழச்சிருக்கு. அந்தப் போமென் பத்து செகண்ட் ஓடவிட்டதுதான் இந்தக் கீறல்." விளக்கை அணைத்துவிட்டு, "கடைசியா இதைத் தொறந்தது யாரு?" என்றார்.

வீட்டுக்கு வந்து ரசீதுக் கோப்பைத் திறந்தேன். எந்தத் தாளையும் எறியாதது பத்திரிகைப் பழக்கம். நான்கு மாதத்துக்கு முந்தைய ரசீது இருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு கட்டைவிரல் தடம். அது எனக்கு நினைவிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. செயலாளர் நெற்றி நிறையத் திருநீற்றோடு சாவியையும் ரசீதையும் நீட்டினார். விரலில் சிவப்பு. கோயிலிலிருந்து நேராக வந்திருக்கிறார், விரலில் குங்குமம் என்று நினைத்தேன். அதனால் அந்த ரசீதை மடிக்காமல், மற்றத் தாள்களோடு துளையிடாமல், தனி உறையில் வைத்திருந்தேன்.

நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். குங்குமம் உதிரும். இது ரப்பராக, முழுத் தடமாக, ரேகைகளோடு உரிந்து வந்தது.

அன்று மாலையே கிள்ளானுக்குப் போனேன். வலையின் படங்களைப் போனில் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சாமி படத்தின் கீழே குங்குமச் சிமிழும், பக்கத்திலேயே சிவப்புச் சிலிக்கன் குழாய் ஒன்றும் இருந்தன. இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருந்தார்.

"செகப்பு சிலிக்கனை நான் மட்டுமாக்கா வாங்குறேன்? ஊரே வாங்குது. அந்தச் சீனன் அவனே போட்டிருப்பான்."

"நான் முன்னால உக்காந்திருந்தேன்."

"அம்மனுக்குத் தெரியும்க்கா நான் யாருன்னு."

"பழைய என்ஜினை நீங்களே தூக்கிப் போடுறேன்னு சொன்னீங்களே."

அவர் போனைத் திருப்பி நீட்டினார். குரலைத் தணித்து, "சரி, விடுங்க. கமிட்டியில யார்கிட்டயும் சொல்லாதீங்க. வண்டியைக் கொண்டாங்க, நானே செஞ்சு குடுத்துர்றேன்," என்றார். கிளம்பும்போது தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து நீட்டினார். பழக்கத்தில் என் கை பாதி தூரம் போய்விட்டது. இழுத்துக்கொண்டேன்.

காரில்லாததால் ரயிலில் திரும்பினேன். பெட்டியில் நின்றுகொண்டே அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். சுபாங் தாண்டியபோது திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர் பொய் சொன்னார், சரி. அதை மேசையில் பரிமாறியது யார்? அவருடைய விரல் சிவப்பைக் குங்குமம் என்று படித்த அதே கண்தான், மாப்பிள்ளை அமைதியாகச் சொன்ன ஒரு வரியைப் பொய் என்றும் படித்தது. முதல் பக்கத்தில் போட்ட தவறுக்கு உள்பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போடும் வழக்கத்தை வேலையில் இருந்த காலமெல்லாம் எதிர்த்தவள் நான். மகளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன் என்பதையும் எழுத வேண்டும். போனில் தட்டியும் விட்டேன். பிறகு அழித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் அழைக்காமலே நானும் கணவரும் செமினிக்குப் போனோம். அவர்கள் சாப்பிட உட்காரும் நேரம். மூவரும் இருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"என்ஜினைத் தொறந்தாச்சு. மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. அன்னிக்கு நான் சொன்னது பொய். பட்டறையில சொன்னாங்கன்னு சொன்னேன், ஆனா அதை நம்பினது நான். நம்பி, எல்லார் முன்னாலயும் சொன்னதும் நான். மன்னிச்சிருங்க மாப்பிள்ளை. நீங்க உடனே ஆஃப் பண்ணலைன்னா என்ஜினே மிஞ்சியிருக்காதாம்."

மகள் என்னைப் பார்த்தாள். தட்டு எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

"பரவால்ல அத்தை. உக்காருங்க," என்றார் மாப்பிள்ளை. முகத்தில் கோபம் இல்லை. அதுவே எனக்கு உறுத்தியது.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்த சம்பந்தியம்மா என் கணவருக்குச் சோறு வைத்தார். அப்பளம் வைத்தார். என் பக்கம் வந்ததும் கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

"ரெட்லைன் கிட்லைன் எல்லாம் எனக்குப் புரியாது சம்பந்தி. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. வண்டி மோதிருச்சுன்னு நெனைச்சீங்க இல்ல? அப்ப என்ன கேட்டீங்க?"

நான் கேட்டது எனக்கு நினைவிருந்தது. எவ்வளவு அடி, முன்பக்கமா, பின்பக்கமா.

"நானும் உள்ளதான் இருந்தேன்," என்றார். "கண்ணுல கட்டோட."

அவர் என் தட்டில் சோறு வைத்தார், நிறையவே வைத்தார். நான் சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று இப்போது நினைவில்லை.

என்ஜின் ஆறு வாரத்தில் தயாரானது. புதிதாகக் கட்டிய என்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக, மிதிக்காமல் ஓட்ட வேண்டும் என்று பத்துமலைக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். "மாப்பிள்ளை கையில குடு. லைட்டைப் பாக்கத் தெரிஞ்சவன்." அதை என் சொந்த யோசனை போல மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். செமினியிலிருந்து வேலைக்கு வந்து போக ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"வேணாம் அத்தை," என்றார், மரியாதையாகத்தான். "கஜாங்ல இருந்து எம்.ஆர்.டி. ரயில் இருக்கு. அதுல வந்துருவேன்."